உள் டயர்

விடியற்காலை நாலு மணிக்கு ஆற்காட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலத்தையொட்டி ஒரு சத்தம் கேட்கும். டொப், டொப். இரவெல்லாம் ஓடி வந்து டீக்கு நின்ற லாரியைச் சுற்றி வரும் கிளீனர் பையன் கையிலிருக்கும் கட்டையால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு போகிறான். முன் சக்கரத்துக்கு ஒரு தட்டு. பின்னால் ஜோடிச் சக்கரத்துக்கு இரண்டு. அந்த இரண்டில் முதல் தட்டு வெளி டயருக்கு. ஓங்கி, நேராக, மனசு வைத்து விழும். இரண்டாவது உள் டயருக்கு. தோளைச் சாய்த்து, கட்டையை இடுக்கில் விட்டு, பாதி டயரிலும் பாதி சேற்றிலுமாக விழும். பிறகு கதவு சாத்துகிற சத்தம், ஒரு விசில், வண்டி நகர்ந்துவிடும். எங்கள் தெரு நெடுஞ்சாலைக்கு அருகில் இருப்பதால் சிறுவயதிலிருந்தே இது என் தூக்கத்துக்குள் வந்து போகிற சத்தம். சில ஆண்டுகளாக அந்த இரண்டாவது தட்டு கேட்டதும் விழித்துவிடுகிறேன். சத்தத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வழியில் பார்க்கிறவரை "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் நாம் நாலடி தள்ளிப் போய்விடுகிறோமே, அந்தக் கேள்வியில் இருக்கிற ஏதோ ஒன்று அந்தத் தட்டிலும் இருக்கிறது.

ஜோடி டயரில் வெளியே இருப்பது ஊர் பார்க்கிற டயர். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் அதற்குத்தான். பட்டன் தேய்ந்தால் முதலாளி கண்ணில் படுவதும் அதுதான். உள்ளே இருப்பது வெயிலைக்கூடச் சரியாகப் பார்த்திருக்காது. பிரேக் டிரம்மின் சூடு ஒரு பக்கம், வெளி டயரின் சூடு மறுபக்கம். நடுவில் சேறு, கிரீஸ், எப்போதோ சிக்கிக்கொண்ட கருங்கல் ஜல்லி. அதன் வால்வு வெளிச் சக்கரத்தின் வட்டில் இருக்கிற துளை வழியாகப் பித்தளைக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும். அந்தத் துளைக்குள் கையை விட்டால் விரல் கணு உரியும். காற்று அடிக்கும் குழாயின் தலை அதில் நேராக உட்காராது. உட்கார்ந்தாலும் பாதிக் காற்று வெளியே சீறும். இதற்கெல்லாம் மேலே ஒரு சங்கதி உண்டு. உள் டயரில் காற்று இறங்கினால் வண்டி சாயாது. பக்கத்திலிருப்பது அதன் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் உருண்டையாக, இரண்டும் நிமிர்ந்து நிற்பது போலவே தெரியும். இறங்கிப் போன டயர் இறங்கியது போலவே தெரியாதபடி பக்கத்து டயர் மறைத்து நிற்கிறது. இதை உதவி என்பதா, வேறு ஏதாவது சொல் உண்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வெளிநாட்டில் வீட்டையே வண்டியாக்கி, அடுப்பும் கட்டிலும் கக்கூசுமாக ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நினைப்போம். ஆனால் பத்து நாள் கோயில் பயணத்துக்கு ஆறு டயர் வேன் பேசிக்கொண்டு போன குடும்பம் எதற்கும் அந்த வாழ்க்கை புதிதல்ல. மேலே கேரியரில் அரிசி மூட்டை, ஸ்டவ், அண்டா. உள்ளே ஜன்னல் கம்பிகளுக்கிடையே கயிறு கட்டி ஈரத் துண்டுகள். சீட்டுக்கு அடியில் புளியோதரைத் தூக்கு, காலடியில் தூங்கும் குழந்தைகள். மைசூர், தர்மஸ்தலம் என்று போய்விட்டு அப்படி ஒரு வேனில் நாங்கள் பதினாறு பேர் திரும்பிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணகிரிக்கு முன்னால் டீக்கு நிறுத்தினார்கள். டிரைவர் இறங்கி, ஜாக்கி லிவரை எடுத்து ஆறு டயரையும் தட்டினார். நான் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஆறு தட்டும் ஒன்று போலத்தான் கேட்டது. "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. பர்கூர் தாண்டியதும் அத்தை முதலில் மூக்கைச் சுளித்தார். யாரோ வழியில் ரப்பர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினோம். சாத்திய பிறகும் நாற்றம் உள்ளேயே இருந்தது. அப்புறம் காலுக்கடியில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். பின்பக்கம் பாம்பு நெளிவதுபோல இரண்டு நெளி நெளிந்தது. டிரைவர் பிரேக்கில் காலை வைக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, வண்டி தானாக வேகம் தணிகிற வரைக்கும் விட்டு, புளியமரத்து நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவருக்கு அந்தப் பக்குவம் இருந்ததால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் ஒன்றுமில்லை. அண்டா மட்டும் உருண்டு சாலையோரம் கிடந்தது.

வெடித்தது வெளி டயர். நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கிழிந்து, கம்பி தெரிய, புகைந்துகொண்டிருந்தது. உள் டயர் அப்போதும் உருண்டையாகத்தான் தெரிந்தது. ஸ்டெப்னி மாட்டி, மெதுவாக ஊர் வந்து சேர்ந்து, கழற்றிய இரண்டையும் பாலத்தடி பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கடைக்கார பாய்க்கு அப்போதே அறுபது வயதுக்கு மேல். சம்மட்டியால் ரிம்மைத் தளர்த்தி, இரண்டு லிவரைக் கொடுத்து உள் டயரின் விளிம்பை நிமிண்டி எடுத்து, டயரைச் சாய்த்துப் பிடித்தார். மிளகுத் தூள் மாதிரி கறுப்பாகப் பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கை நிறையத் தேறும். "இது இன்னைக்குப் போன காத்து இல்ல தம்பி. ரெண்டு மூணு நாளா காத்து கம்மியாவே ஓடியிருக்கு. தன்னையே தின்னுட்டிருக்கு பாருங்க" என்றார். மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து, பக்கச் சுவர் உள்பக்கமாகவே அரைபட்டுப் பொடியாகியிருந்தது. டியூப்பை வெளியே எடுத்து, கிழிசலை விட்டுவிட்டு, வால்வை மட்டும் தனியாகக் காட்டினார். மூடி இல்லை. வாயில் சேறு காய்ந்து கிடந்தது. பின்னைக் கழற்றித் துடைத்து, பழையபடி போட்டு, கந்தலாகிப் போன டியூப்பில் வால்வுள்ள பகுதியை மட்டும் முறுக்கிப் பிடித்துக் காற்று விட்டு, விரல் நுனியில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். கடுகளவு ஒரு குமிழி மெல்லப் பெருத்து உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான். பதினாறு பேர் பயணம் போன வண்டியின் காற்று, மைசூரிலிருந்தோ அதற்கும் முன்னாலிருந்தோ, இப்படிக் கடுகு கடுகாகப் போயிருக்கிறது. அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது பயமல்ல. அது வெட்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்று. டீ கிளாசோடு நின்று நான் கேட்ட ஆறு தட்டில் ஒன்று பொய் சொல்லியிருக்கிறது. எது என்று கேட்கிற காது எனக்கு இல்லை. டிரைவருக்கும் இல்லை. அது யாருக்குமே இருக்க முடியாத காது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். முழுசாகச் செத்த டயரையும் காற்றுள்ள டயரையும் தட்டு பிரித்துச் சொல்லிவிடும். ஐம்பது பவுண்டுக் காற்றையும் எண்பது பவுண்டுக் காற்றையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆபத்தெல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது.

வால்வைக் கையில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு சின்னதா என்று தோன்றும். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத பித்தளைக் குழல். உள்ளே ஒரு பின், அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங், அடியில் வளையமாக ஒரு துளி ரப்பர். ஸ்பிரிங் அதை மேலே தள்ளி வாயை மூடுகிறது. அதைவிடப் பலமாக, உள்ளே இருக்கிற காற்றே முட்டி முட்டி அந்தக் கதவைச் சாத்திப் பிடிக்கிறது. அடைபட்டதே கதவைப் பூட்டுகிற ஏற்பாடு. நியூயார்க்கில் ஷ்ரேடர் குடும்பத்தார் 1893இல் காப்புரிமை வாங்கியது. இன்றைக்கும் ஸ்கூட்டர், கார், லாரி எல்லாவற்றுக்கும் அதே வாய்தான். அந்தப் பக்கம் மைசூரில் 1975இல் தொடங்கிய டிரைட்டன் என்கிற கம்பெனி வால்வு செய்கிறது; இந்தப் பக்கம் அரக்கோணத்துக்கு அருகே இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் வார்க்கிறது. இரண்டுக்கும் நடுவிலிருக்கிற இந்தச் சாலையில்தான் பாயின் கடை. எங்கள் தலைமுறைக்கு முதலில் தெரிந்த வால்வு இதுவல்ல, சைக்கிள் வால்வு. அதில் பின் கிடையாது. துளையுள்ள ஒரு குழலின்மேல் உருவி மாட்டிய வால்வு டியூப், மெல்லிய மஞ்சள் ரப்பர், அதுதான் கதவு. அது நைந்து போனால் காற்று நிற்காது. ஓரங்குலம் வெட்டித் தரச் சொல்லி வாங்கி வருவோம். மீந்த துண்டில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, வகுப்பில் முன்பெஞ்சுக்காரன் கழுத்தில் பீச்சுவோம். அந்த ரப்பரின் வாசனையும், வாயில் வைத்து இழுத்தால் நாக்கில் ஒட்டுகிற வெள்ளைப் பவுடரும் இதை எழுதும்போதுகூட வந்து போகிறது.

அந்த சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில்தான் எங்கள் ஊரின் தொழில் ஒளிந்திருந்தது. பம்புக் கம்பியின் நுனியில் கிண்ணம்போல ஒரு தோல் வாசர் இருக்கும். கம்பியை மேலே இழுக்கும்போது அதன் விளிம்பு ஒடுங்கி, காற்றுக்கு வழிவிடும். கீழே அழுத்தும்போது விரிந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடித்துத் தள்ளும். அதுவும் ஒரு வால்வுதான். தோல் ஷாப்பில் வேலை பார்த்த என் மாமா அந்த வாசரை வீட்டிலேயே வெட்டிப் போடுவார். நீலமாக வருகிற குரோம் தோல் இதற்கு ஆகாது என்பார். இழுத்த பக்கம் இழுபடும், வடிவம் நிற்காது. பட்டையில் பதப்பட்ட தோல் வேண்டும். குரோம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் ஆவாரம் பட்டையில்தான் தோல் பதமாயிற்று. அதில் ஒரு வட்டம் வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, சின்னக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக் கட்டிக் காயவைப்பார். காய்ந்ததும் விளக்கெண்ணெய். எண்ணெய் வற்றிய வாசர் காற்றைப் பிடிக்காது; பம்பு உள்ளும் வெளியுமாகச் சும்மா போய் வரும். "தோலு குடிச்சாத்தான் காத்து நிக்கும்" என்பது அவர் வாக்கு. வெகு காலம் கழித்து ஒரு செய்தியைப் படித்தபோது மாமா இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். காற்று அடைத்த சக்கரத்துக்கு முதன்முதலாகக் காப்புரிமை வாங்கியவர் டன்லப் அல்ல. அவருக்கு 40 ஆண்டுகளுக்கும் முன்னால், 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் வாங்கியிருக்கிறார். ரப்பர் பூசிய கித்தான் குழலுக்குள் காற்று. அதற்கு மேலே உறையாகத் தோல். 1847இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டிக்கு மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தமில்லாமல் ஓடியது என்கிறார்கள். விலை கட்டுப்படியாகாமல் அது மறந்துபோய், 1887-88இல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத் திரும்பவும் முதலிலிருந்து கண்டுபிடித்தார். உலகத்தில் முதல் காற்று டயர் தோல் டயர் என்பதில் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் நாற்றத்திலேயே வளர்ந்தவர்களுக்குத் தோல் என்றால் காற்றும் தண்ணீரும் புகாமல் காக்கிற ஒன்று. கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் மொண்டது தோல் பைதான். கொல்லன் துருத்தியில் காற்று மொண்டதும் அதுவேதான்.

வேன் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு கேஜ் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற வட்டம், முள், ஒரு முழ நீளக் குழாய். அளந்த எண்ணை முள் பிடித்துக்கொள்ளும், பொத்தானை அழுத்தினால் சுழியத்துக்குத் திரும்பும். அதை வைத்துக்கொண்டு வெகுநாள் குழம்பினேன். முதல் குழப்பம், அளக்கும்போது கேட்கிற "ஸ்ஸ்". கேஜை வால்வில் வைக்கிறபோதும் எடுக்கிறபோதும் கொஞ்சம் காற்று போகும். எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேட்பதற்கே கொஞ்சம் காற்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. லாரி டயருக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு நாலு தடவை கேட்டால் தெரியும். இரண்டாவது, எண்ணே ஒரு இடத்தில் நிற்பதில்லை. சூடு 5, 6 டிகிரி ஏறினால் கார் டயரில் ஏறக்குறைய 1 பவுண்டு கூடும்; நூறு பவுண்டு லாரி டயரில் 2 பவுண்டு. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் விடிகாலையில் ஒரு எண், மதியம் தார் உருகும்போது வேறு எண், வண்டி நாற்பது மைல் ஓடி நின்றதும் இன்னொரு எண். ஆம்பூரிலிருந்து பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் சுமார் 600 மீட்டர் மேலே ஏறுகிறோம். அங்கே வெளிக்காற்று மெலிந்திருப்பதால் உள்ளே ஒன்றுமே மாறாமல் கேஜ் மட்டும் 1 பவுண்டு கூடக் காட்டும். ஓடிவந்த சூட்டில் அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டுப் போகிறவர்களைப் பெட்ரோல் பங்கில் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் காலையில் அந்த டயர் குறைவான காற்றோடு புறப்படும். அதனால்தான் ஓடுவதற்கு முன்னால், நிழலில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கச் சொல்கிறார்கள். அப்படியானால் எண்ணும் ஒரு வேளைக்குச் சொல்கிற வார்த்தைதானே, தட்டை மட்டும் ஏன் குறை சொல்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கிடைத்த பதில் இதுதான்: எண் தப்பாக இருந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு தப்பு என்று யோசிக்க இடமிருக்கிறது. தட்டு யோசிக்க இடமே தராது. "கல்லு மாதிரி இருக்கு" என்று முடித்துவிடும். மேலும், அளப்பதற்குக் குனிய வேண்டும். முட்டி போட்டு, அந்தத் துளைக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பதன் வாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். தட்டுவதற்கு நின்றபடியே கை நீட்டினால் போதும்.

அமெரிக்காவில் டயர் வெடித்து விபத்துகள் நடந்து பெரிய விவகாரமாகி, 2000இல் ஒரு சட்டம் வந்தது. காற்று இறங்கினால் டிரைவருக்கு முன்னால் விளக்கு எரிய வேண்டும் என்று அதன் வழியாக விதி செய்தார்கள்; 2007 செப்டம்பர் முதல் தயாரான கார்களில் எல்லாம் அது உண்டு. நல்ல விதி. அதன் வாசகத்தை ஒரு நாள் பொறுமையாகப் படித்தேன். 10,000 ராத்தலுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகளுக்கு விதி பொருந்தாது என்றிருந்தது. அடுத்து, அதைவிட எடை குறைவாக இருந்தாலும், அச்சில் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தாது என்று தனியாகவே எழுதியிருந்தது. எந்த டயரைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதோ அந்த டயரை வெளியே விட்டுவிட்டார்கள். செய்கிறவர்களுக்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்திருக்கும், செலவும் இருந்திருக்கும். ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது கிளீனர் பையனின் இரண்டாவது தட்டுதான் எனக்குக் கேட்டது. வீட்டு வண்டிகளில் வாழும் அங்கத்திய முதியவர்கள் இதனால்தான் ஒரு டார்ச்சையும் கேஜையும் வைத்துக்கொண்டு காலையில் சக்கரத்தடியில் மண்டியிடுகிறார்கள். வால்வு எட்டவில்லை என்று நீளக் குழாய் மாட்டி வெளியே இழுத்து வைக்கிறார்கள். அதிலும் ஒரு வம்பு. சாதாரண ரப்பர்த் தண்டு வால்வு 65 பவுண்டு வரைக்கும்தான் தாங்கும் என்பது கணக்கு. அதில் கனமான குழாயைத் தொங்கவிட்டால் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அது ஆடி ஆடி, அடியில் வெடிப்பு விடும். எட்டுவதற்காகச் செய்த ஏற்பாடே கசிவுக்கு வழி வைக்கும். உலோகத் தண்டு போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது என்னை விடாமல் பிடித்திருப்பது லாரிகளல்ல. காலையில் ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும் எங்கள் சாலையில் ஷூ கம்பெனி வண்டிகள் போகும். மஞ்சளும் வெள்ளையுமாக வேன்கள், பழைய பஸ்கள். ஜன்னல் ஓரமெல்லாம் பெண்கள். மடியில் டிபன் பை, தலையில் மல்லி, பலர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். கிராமம் கிராமமாக ஏற்றிக்கொண்டு ஆம்பூர்ப் பக்கமும் ராணிப்பேட்டைப் பக்கமும் போகிறார்கள். உலகம் முழுக்கப் போகிற செருப்புகளின் மேல்தோலைத் தைப்பவர்கள். நான் அந்த வண்டிகளின் பின்சக்கரத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன். வெளி வால்வில் மூடி இருந்தால் அதிசயம். ஐந்து ரூபாய் பெறாத மூடி. தூசும் சேறும் பின்னில் சேராமல் காப்பது அதுதான், பின் கசிந்தாலும் கடைசியாகத் தடுத்து நிறுத்துவதும் அதுதான். ஆனால் காற்றடிக்கிற அவசரத்தில் கழற்றி மட்கார்டு மேல் வைப்பார்கள், அது அங்கேயே இருந்து வழியில் விழுந்துவிடும். உள் வால்வுக்கு மூடி இருக்கிறதா என்று நிற்கிற வண்டியிலேயே தெரியாது. டிரைவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாலு மணிக்கு எழுந்து, முதல் கிராமத்துக்கு ஐந்தரைக்குப் போய்ச் சேர வேண்டியவர் எந்தக் கடை திறந்திருக்கும் என்று பார்ப்பார்? டிரிப்புக்குக் கணக்கு, டீசலுக்குக் கணக்கு. குனிந்து ஆறு டயரையும் அளக்கிற பத்து நிமிடத்துக்கு யாரும் கணக்கு வைத்துத் தருவதில்லை.

எங்கள் தெருமுனையில் அப்படி ஒரு வேன் இரவில் நிற்கும். போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் அதன் டிரைவரிடம் போய், அளந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தாலும் "பாருங்க சார்" என்றார். மண்டியிட்டேன். இடப்பக்க உள் சக்கரம். துளைக்குள் கையை விட்டதும் குளிர்ந்த கிரீஸ். துழாவியபோது மூடியில்லாத வாய் தட்டுப்பட்டது. குழாயின் தலையை வைத்து அழுத்தினேன். "ஸ்ஸ்" என்று வந்த காற்றில் பழைய ரப்பர் வாசனை. எத்தனை நாளாகவோ அடைபட்டிருந்த காற்று. எடுத்துப் பார்த்தேன். எழுபதுக்கு மேல் இருக்க வேண்டிய முள் 48இல் நின்றது. அவரிடம் காட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் நாலைந்து பெண்கள் டிபன் பையோடு வந்து ஏறிவிட்டார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக, "அண்ணே, நேத்தும் அஞ்சு நிமிஷம் லேட்டு, கேட்டுல நிக்க வெச்சிட்டாங்க" என்றார். பாயின் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "டிரிப்பு முடிச்சிட்டு வந்து அடிச்சிக்கறேன் சார், கண்டிப்பா" என்றார் டிரைவர். மெதுவாகப் போங்கள், ஆட்களை அதிகம் ஏற்றாதீர்கள் என்று சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். ஏறுவதற்கு முன்னால், பழக்கத்தில், அந்தச் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். வேன் சாலை ஏறித் திரும்பி மறைந்தது. என் கையிலிருந்த கேஜில் முள் அப்போதும் 48இலேயே இருந்தது. பொத்தானை அழுத்தத் தோன்றாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.